நீர்வழி மருத்துவமும் உழைச்செல்வாரும்

நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் கடற்கரையில்லா உள்நாட்டு நிலங்கள். ஆயினும் கடலுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. காரைப் பக்கத்து ஓடைப் பள்ளங்களிலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களிலும் கல்லாகிக் கிடக்கும் சிப்பிகளும் நத்தைகளும், பல கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலத்தின்மேல் கடல் பரந்திருந்த உண்மையை இன்றும் அறிவிக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து கடாரத்தின்மேற் படை செலுத்தினான். அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக ஓடும் கொள்ளிடமோ, நம் கண்முன் சென்ற நீரைக் கொண்டுபோய்ப் பழையாற்றினருகே கடலிற் சேர்க்கின்றது.

அக்கொள்ளிடத்தைப் பற்றியே இப்பொழுது நம் சங்கத்தில் ஒரு பேச்சு எழுந்துள்ளது. அதன் முகத்துவாரத்தை அடுத்த திட்டூர்களுக்கும் தீவூர்களுக்கும் மருத்துவரைப் படகில் அழைத்துச் சென்று பொருள் பெறாது மருத்துவம் செய்வித்தல் வேண்டும் என்பது இளைஞர் சிலரின் அவா. நம்மவர்க்கே செய்ய வேண்டுவன பல எஞ்சியிருக்க, அயல் மாவட்டத்து அயலார்க்குச் சங்கத்தின் பொருளைச் செலவிடுதல் முறையாமோ என்பது முதியோர் சிலரின் வினா. இருதிறத்தார் கூற்றையும் எள்ளுதற்கில்லை. இத்தகைய தொண்டு உலகில் முன்னர் எங்கெங்கு நடந்தது, அவற்றுள் எது நிலைத்தது, நிலைத்தமைக்குக் காரணம் யாது என்பவற்றை அறிந்தபின் முடிவு செய்தல் நலமாகலின், யாம் அறிந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தனம்.

மருந்தின் நான்கு கூறு

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவன் என்பன அவை. நான்காமவனை 'உழைச்செல்வான்' என்பர். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று உதவுபவன் என்பது பொருள். நோயாளியினிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கும் இவனுக்கு வேண்டுமெனப் பரிமேலழகர் உரை விரிக்கும்.

இப்பகுப்பை நம் அன்பர்கள் உளத்திற் கொள்ளல் வேண்டும். நீர் சூழ்ந்த ஊர்க்குப் படகு ஏறிச் செல்வோர் மருத்துவனைக் கொண்டுபோகலாம்; மருந்தைக் கொண்டுபோகலாம்; நோயாளி அங்கே இருக்கின்றான். ஆனால் நான்காமவனைப் படகிற் கொண்டுபோய் அன்று மாலையே திருப்பிக் கொண்டுவந்துவிட்டால், அவன் உழைச்செல்வான் ஆகான். இவ்வொன்றைக் கண்டறிந்தோரே நீர்வழி மருத்துவத்தில் வெற்றி கண்டனர் என்பது யாம் இவ்வரலாற்றிற் கண்ட துணிபு.

நோயாளர் வந்த காலம்

நம் நாட்டில் மருத்துவச்சாலை புதிய பொருளன்று. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திரன் காலத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலசாலை நடைபெற்றது. 1069-ஆம் ஆண்டையொட்டிய கல்வெட்டு அதனை விரித்துரைக்கின்றது. பதினைந்து நோயாளர் கிடந்து மருந்துண்ண ஆங்கு இடம் இருந்தது. மருத்துவர் ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வகுக்கப்பட்டன. அறுவை மருத்துவம் செய்வான் ஒருவன், மூலிகை கொணர்ந்து மருந்து அடுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன், நீர் கொணர்வான் ஒருவன் என்று பணியாளரும் அவர்க்குரிய நெல்லும் அளவிட்டுக் கூறப்பட்டன. வள்ளுவனார் கூறிய நான்கு கூறும் ஈண்டு நிரம்பியுள்ளமை காண்க. உழைச்செல்வார்க்கும் நெல் அளந்த அரசின் நுண்ணறிவு பெரிதும் போற்றத்தக்கது.

எனினும் அச்சாலைக்கு நோயாளரே நடந்தோ சுமந்து கொணரப்பட்டோ வருதல் வேண்டும். வர இயலாதார் பொருட்டு மருத்துவம் தானே புறப்பட்டுச் செல்லுதல் பிற்காலத்து எழுந்த முயற்சி. அதிலும் கடலோரத்தும் தீவுகளிலும் வாழ்வார்க்கு மருத்துவத்தை மரக்கலத்தில் ஏற்றிச் சென்றவருள் உலகெங்கும் பெயர் பெற்றவர் வில்பிரட் கிரென்பெல் என்னும் ஆங்கில மருத்துவராவர்.

லாப்ரடோர்க் கரை

கிரென்பெல் 1865-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று, ஆழ்கடல் மீனவர்க்குத் தொண்டு புரிந்த ஒரு சமயச் சங்கத்திற் சேர்ந்தார். அட்லாண்டிக் மாகடலின் மேற்குக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்து அப்பொழுது பிரித்தானியக் குடியேற்ற நாடு. 1949-இற்றான் அது கனடாவோடு சேர்ந்தது. அதன் வடபால் லாப்ரடோர் என்னும் பாறைக்கரை நூற்றுக்கணக்கான மைல் நீண்டு கிடக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியிற் கடல் உறைந்து வழி அடைபடும். கோடையிற் பல்லாயிரம் மீனவர் குடும்பத்தோடு அங்கே சென்று மீன் பிடிப்பர். அவரன்றி ஆண்டு முழுதும் அங்கேயே வாழும் குடிகளும், இனுயித் என்னும் பழங்குடியினரும் உளர். இத்துணை நீண்ட கரையில் மருத்துவச்சாலை என்று ஒன்று இருந்ததில்லை.

1892-ஆம் ஆண்டு 'ஆல்பர்ட்' என்னும் சிறு பாய்க்கப்பலில் கிரென்பெல் அக்கரைக்குப் புறப்பட்டார். ஜூலைத் திங்களில் நியூபவுண்ட்லாந்தின் தலைநகராகிய செயிண்ட் ஜான்ஸை அடைந்தபொழுது, அந்நகரின் பெரும்பகுதி முன்னாட் பற்றிய பெருந்தீயில் வெந்து புகைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வடக்கே சென்று துறைதோறும் நங்கூரம் பாய்ச்சி, அக்கோடைக்குள் ஏறத்தாழ 900 நோயாளரைப் பார்த்தார். மீன்முள்ளும் தூண்டிலும் கிழித்துச் சீழ்பிடித்த கைகள், காசநோய், ஊட்டமின்மையாற் பிறந்த நோய்கள் ஆகியன அவர் கண்டவை.

இத்துடன் அவர் நாடு திரும்பித் தாம் செய்த தொண்டைப் பத்திரிகையில் எழுதி அமைந்திருந்தால், இன்று அவரை நினைப்பார் இலர். கப்பல் அகன்றபின் கட்டுமாற்ற ஆள் இல்லாத புண், மீண்டும் சீழ்கொள்ளும் என்பதை அவர் உணர்ந்தார். அடுத்த ஆண்டே, 1893-இல், மருத்துவர் இருவரையும் தாதியர் இருவரையும் உடன்கொண்டு மீண்டு வந்து, பாட்டில் ஹார்பர் என்னும் துறையில் வணிகர் கொடுத்த வீட்டில் லாப்ரடோரின் முதல் மருத்துவச்சாலையைத் திறந்தார். 1894-இல் இந்தியன் ஹார்பர் என்னுமிடத்தில் மற்றொன்று எழுந்தது. 1899-இல் 'ஸ்டிராத்கோனா' என்னும் நீராவிக் கப்பல் கிடைத்தது. படகு துறைதோறும் சென்றது; ஆற்றாத நோயாளரைச் சாலைக்குக் கொணர்ந்தது; ஆறியவரை வீட்டிற் கொண்டு விட்டது. படகும் சாலையும் ஒன்றற்கொன்று கையும் உடலும் போல அமைந்தன.

நோயின் வேர் வறுமை என்பதையும் அவர் கண்டார். மீனவர்க்கு வணிகர் காசு கொடுப்பதில்லை. உப்பும் மாவும் வலையும் கடனாகக் கொடுத்து, பிடித்த மீனையெல்லாம் அக்கடனுக்கு ஈடாகக் கொள்வர். கடன் தீர்தல் அரிது. ஆகவே கிரென்பெல் கூட்டுறவுப் பண்டசாலைகளை நிறுவத் துணைநின்றார். தாய்தந்தையற்ற பிள்ளைகட்கு இல்லம் அமைத்தார். அக்கரைச் சிறுவர் சிறுமியர் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்பித் தொழில் கற்பித்தார். அமெரிக்கக் கல்லூரி மாணாக்கர் பலர் ஊதியம் வேண்டாது கோடைதோறும் வந்து கல் சுமந்தனர், மரம் அறுத்தனர், படகு செலுத்தினர்.

அவர் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நோயாளி ஒருவனைப் பார்க்க நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் உறைந்த குடாக்கடலைக் கடந்தபொழுது பனித்தளம் உடைந்தது. அவர் பனிப்பாளம் ஒன்றில் ஏறிக் கடலை நோக்கி மிதந்து செல்லலாயினர். குளிருக்கு ஆற்றாது தம் நாய்களுள் மூன்றைக் கொன்று அவற்றின் தோலைப் போர்த்துக்கொண்டார். மறுநாள் கரையூரார் சிலர், மோதும் பனிக்கட்டிகளினூடே தம் உயிரையும் பொருட்படுத்தாது தோணி செலுத்திச் சென்று அவரை மீட்டனர். மருத்துவர் படகேறி ஏழைகளைக் காத்த கரையில், ஏழைகள் படகேறி மருத்துவரைக் காத்தனர். பதினாறு ஆண்டு அவர் மீண்டும் மீண்டும் வந்தமையால் விளைந்த உறவு அது. ஒருநாள் வந்து போனவர்க்காக எவர் தோணி தள்ளுவர்?

கிரென்பெல் 1940-இல் மறைந்தார். அவர் பெயராற் பதிவு பெற்ற சங்கம் அதன்பின்னும் நாற்பதாண்டு அப்பணியை நடத்தி, 1981-இல் மாகாண அரசினிடம் ஒப்படைத்தது. தொண்டர் தொடங்கியது அரசின் கடமையாக முடிந்தது. இதுவே இவ்வகைத் தொண்டின் நல்ல முடிவு என்போம்.

குன்னூருக்கு வந்த அறிவு

பனிக்கரைச் செய்தி தமிழர்க்கு என்ன பயன் தரும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். லாப்ரடோர், நியூபவுண்ட்லாந்துக் கரைகளில் குளிர்காலம் முழுதும் வெள்ளை மாவையே பெரிதும் உண்டு வாழ்ந்த மக்கள் காலிற் சுரணை கெட்டு நடக்கமாட்டாது வீழ்ந்தனர். பெரிபெரி என்னும் நோய் அது. தவிடு நீங்கத் தீட்டிய தானியத்தில் ஓர் உயிர்ச்சத்து இல்லாமையே அதற்குக் காரணம். இதனை அக்கரைகளில் ஆராய்ந்து 1930-இல் எழுதிய மருத்துவருள் ஒருவர் வாலஸ் அய்க்ராய்டு. அவரே 1935-இல் நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த ஊட்டவுணவு ஆராய்ச்சிச்சாலையின் தலைவராக வந்தார். அச்சாலை 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் வடபாலிருந்த தெலுங்குக் கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. ஆங்கு ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழ் மாவட்டங்களிற் புழுங்கலரிசி உண்டோரிடை அந்நோய் அரிது. நெல்லைப் புழுக்கும்பொழுது அவ்வுயிர்ச்சத்து தவிட்டினின்றும் அரிசியின் உள்ளே ஊறித் தங்குகின்றது. நம் பாட்டிமார் தொட்டியில் நெல்லை ஊறவைத்து அவித்த பழக்கத்தின் பொருளை, பனிக்கரையிற் படகில் திரிந்த மருத்துவர் கண்ட நோய் விளங்கச் செய்தது. ஒரு கரையார்க்குச் செய்த தொண்டிற் பிறந்த அறிவு மறு கரையார்க்கும் பயன்பட்டது. அயலார்க்கு ஏன் செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இஃது ஒரு விடை.

மானிப்பாய்

இனி, தமிழர் வாழும் யாழ்ப்பாணத்திற்கு வருவோம். உழைச்செல்வாரை ஆக்கும் வழியை, கிரென்பெல்லுக்கு அரை நூற்றாண்டு முன்னரே ஆங்கு ஒருவர் காட்டினார். சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். மறுவாண்டு மானிப்பாயில் மாணாக்கரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க வேலையையும் நகரத்தையும் நாடிச் செல்வதைக் கண்டு, தமிழிற் கற்றவரே தம் ஊரில் தங்கித் தம் மக்கட்கு உதவுவர் எனத் துணிந்தார். 1864 முதல் தமிழிலேயே பாடம் நடந்தது. 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய பெருநூல்கள் அவராலும் அவர் மாணாக்கராலும் தமிழில் வெளிவந்தன. அறுபதிற்கு மேற்பட்டார் அவரிடம் பயின்று மருத்துவராயினர். 1873-இல் அவர் தாய்நாடு திரும்பினார். அவர் மாணாக்கர் யாழ்ப்பாணத்திலேயே இருந்தனர்.

தமிழாசிரியராகிய எமக்கு இச்செய்தி தனிமகிழ்ச்சி தருவது இயல்பே. ஆயினும் மொழிப்பற்று ஒன்று கருதி இதனை எழுதினோம் அல்லோம். நோயாளி தன் நோயைச் சொல்லும் மொழியிலேயே மருத்துவம் கற்றவன்தான் அவன் பக்கத்தில் நிற்பான் என்பதே கருத்து.

நூறாண்டு கழிந்தபின் அவ்விலங்கைக்கே மற்றொரு கப்பல் வந்தது. வில்லியம் வால்ஷ் என்னும் அமெரிக்க மருத்துவர், போர்க்காலத்து மருத்துவக் கப்பல் ஒன்றைப் பெற்று, நம்பிக்கை எனப் பொருள்படும் 'ஹோப்' என்று பெயரிட்டு, 1960 முதல் பல நாடுகட்குச் செலுத்தினார். தொண்டராக வந்த மருத்துவர் அதிற் பணிபுரிந்தனர். 1968-இல் அது கொழும்பை அடைந்தது. அக்கப்பலார் நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, சென்ற நாட்டின் மருத்துவர்க்கும் தாதியர்க்கும் பயிற்சியளித்தலையே தம் முதற்பணியாகக் கொண்டனர். கப்பல் போய்விடும், கற்றது போகாது என்பதை அவரும் அறிந்திருந்தனர்.

பிரமபுத்திரைத் தீவுகள்

நம்பிக்கை என்னும் அதே பெயரால் நம் இந்தியாவிலும் ஒரு படகு உண்டு. அசாம் மாநிலத்திற் பிரமபுத்திரை பாய்கின்றது. அப்பேராற்றினுள் மணல் திட்டுகள் ஆயிரக்கணக்கில் உள. வெள்ளம் ஒன்றைக் கரைக்கும், மற்றொன்றைப் படைக்கும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநில அரசினர் எடுத்த கணக்கின்படி அத்திட்டுகளில் ஏறத்தாழ 25 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். தீவொன்றில் கருவுற்ற பெண்ணொருத்தி உரிய பொழுதிற் கரை சேர இயலாது இறந்தாள் என்னும் செய்தி, பத்திரிகையாளராகிய சஞ்சய் ஹசாரிகாவின் உள்ளத்தைத் தைத்தது என்பர். அவர் 2000-இல் நிறுவிய வடகிழக்கு ஆராய்ச்சி நிலையத்தின் திட்டத்திற்கு 2004-இல் உலகவங்கிப் பரிசாக 20,000 டாலர் கிடைத்தது. அப்பொருளைக் கொண்டு திப்ருகரில் உள்ளூர்த் தச்சர் ஒரு படகு கட்டினர். 2005-இல் அது நீரில் இறங்கியது. அதன் பெயர் 'ஆகா'. நம் 'ஆசை'க்கு மூலமாகக் கூறப்படும் 'ஆசா' என்னும் வடசொல் அசாமியர் நாவில் அவ்வாறு திரிந்து நம்பிக்கை என்னும் பொருள் தருகின்றது.

அப்படகின் நடைமுறையை நம் இளைஞர் ஊன்றி நோக்குக. மருத்துவர், தாதியர், மருந்தாளர், குருதி முதலியன சோதிப்பவர் ஆகியோர் அதில் ஏறிப் பல நாள் ஆற்றிலேயே தங்குவர். படகு வரும் நாளை ஊர்ப்பணியாளர் முன்னரே வீடுதோறும் அறிவிப்பர். தடுப்பூசி மருந்து பனிக்கட்டிப் பெட்டியிற் செல்லும். கருவுற்றாரைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த முறை வரும்பொழுது அதே பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பர். 2008-இல் அரசினரின் ஊரக நலவாழ்வு இயக்கம் இதனோடு கூடியது. பின்னர் 13 மாவட்டங்களில் 15 படகுகள் ஓடலாயின. அப்பணியாளர் ஊதியம் பெறுவோரே. எனினும் வெள்ளத்திலும் மணலிலும் திங்கள்தோறும் மீண்டு செல்லுதல் ஊதியம் ஒன்றால் மட்டும் ஆவதன்று.

பயன் யாது எனின், 2004–06-ஆம் ஆண்டுகளில் அசாமில் லட்சம் பிறப்புக்கு 480 தாய்மார் இறந்தனர். 2018–20-இல் அத்தொகை 195 ஆகக் குறைந்தது. இக்குறைவு முழுதும் படகுகளால் ஆயிற்று என்று கூறுதல் உண்மையன்று. சாலையும் மருத்துவச்சாலையும் ஊர்ப்பணிப் பெண்டிரும் கூடிச் செய்த செயல் அது. சாலையில்லாத இடத்திற்கு அப்பயனிற் பங்கு கொண்டு சேர்த்தமை படகின் சிறப்பு. நம் தமிழ்நாட்டில் இதே காலத்தில் அத்தொகை 111-இலிருந்து 54 ஆயிற்று என்பதையும் அறிக.

உற்றாரே மருத்துவரான கதை

உழைச்செல்வாரின் ஆற்றலுக்கு இன்னும் ஒரு சான்று கூறி அமைவோம். 1971-ஆம் ஆண்டு வங்கப் போரில் ஏதிலிகள் பெருந்திரளாக எல்லை கடந்து மேற்கு வங்கத்துப் பொங்கான் முகாமை அடைந்தனர். வாந்திபேதி பரவிற்று. நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலநாபிஸ், உப்பும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் கலயங்களில் நிரப்பி, நோயாளரின் தாய், தமக்கை, கணவர் முதலிய உற்றாரிடம் கொடுத்து இடைவிடாது வாய்வழி ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. மருத்துவர் சிலரே, கிடந்தவர் பல்லாயிரவர். காத்தவர் பக்கத்திலிருந்த உற்றாரே.

இதனை ஒவ்வோர் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நலம். காய்ச்சியாறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டி அளந்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, பேதியாகும்பொழுதெல்லாம் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தல் வேண்டும். மருந்துக்கடையிற் கிடைக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசற் பொட்டலம் கையிலிருப்பின் அது சாலச் சிறந்தது.

நம் கொள்ளிடம்

இனி நம் சங்கத்தின் வினாவுக்கு வருவோம். மயிலாடுதுறை மாவட்டத்து நாதல்படுகை, முதலைமேட்டுத்திட்டு, வெள்ளமணல் முதலிய ஊர்கள் கொள்ளிடத்தின் படுகையிலேயே அமைந்தவை. மேட்டூரிலிருந்து மிகைநீர் திறக்கப்படுங்கால் அவ்வூர்களை நீர் சூழும். 2018-இலும் 2022-இலும் அவ்வாறு நேர்ந்து, மக்கள் படகில் ஏறிக் கரை சேர்ந்தனர். அவ்வெள்ளம் முன்னாள் நம் திருமானூரைக் கடந்து சென்ற அதே வெள்ளமாகும். நம் கரையைத் தொட்டுச் சென்ற நீர் மூழ்குவிக்கும் ஊரை அயலூர் என்று எவ்வாறு கூறுவது? லாப்ரடோர்க் கரையிலும் பிரமபுத்திரைத் திட்டுகளிலும் மருத்துவர் சென்ற இடத்திற் பல இனத்தாரும் பல சமயத்தாரும் வாழ்ந்தனர். எவர் எக்குலத்தார் என வினவிய பின்னரே படகை நிறுத்தியிருப்பின் அது துறைகளிற் பாதியைக் காணாது திரும்பியிருக்கும். நோய் குலம் பார்த்து வருவதில்லை. பேதியும் பாம்புக்கடியும் எலிக்காய்ச்சலும் வெள்ளத்தோடு எல்லார் வீட்டிலும் புகும். ஒரு சமூகத்தின் சங்கம் தன் மக்களை ஒன்றுசேர்த்து வலிமை பெறுவது, அவ்வலிமை பிறர்க்கும் பயன்படுதற் பொருட்டேயாகும் என்பது எம் கருத்து.

எனினும் முதியோர் கூற்றிலும் ஓர் உண்மை உளது. ஒருநாள் படகு அமர்த்திச் சென்று, மாத்திரை வழங்கி, படம் எடுத்துத் திரும்புவதாயின், அப்பொருள் வீண். அரசினர் செய்யும் பணியை நாம் அரைகுறையாக மீண்டும் செய்தலும் வீண். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தில் பணியாளர் வீடுதேடிச் சென்று நீரிழிவுக்கும் குருதிக்கொதிப்புக்கும் மருந்து கொடுக்கும் முறை வந்தது. அரியலூர், நாகப்பட்டினம் மாவட்டங்கட்கு 2022-இல் அரசினர் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மருத்துவரும் மருந்தும் முன்னினும் அணுகி வந்துள்ளமையின், நாம் சேர்க்க வேண்டுவது வள்ளுவனார் கூறிய நான்காம் கூறே.

ஆதலின் யாம் சங்கத்தார்முன் வைக்கும் வேண்டுகோள் இது. முதலாவது, பல ஊர் வேண்டா. திட்டூர் ஒன்றையே தேர்ந்து, அவ்வூர்ப் பெரியோரின் இசைவு பெற்று, அரசினரின் ஆரம்ப சுகாதார நிலையத்தாரோடு கலந்து, திங்களில் ஒரு நாளைக் குறித்தல் வேண்டும். மூன்றாண்டுக்குக் குறையாமல் அந்நாளில் தவறாது செல்லுதல் வேண்டும். இரண்டாவது, வீட்டுக்கொரு பக்கமாகப் பதிவேடு ஒன்று அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும்; வருகின்ற மருத்துவர் மாறினும் ஏடு மாறாது. மூன்றாவது, அவ்வூர்ப் பெண்டிர் இருவரையும் இளைஞன் ஒருவனையும் தேர்ந்து, குருதிக்கொதிப்பு அளத்தல், புண்ணுக்குக் கட்டுக் கட்டுதல், உப்புச்சர்க்கரை நீர் கலத்தல், பாம்பு கடித்தாரைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் அசையாது கிடத்தி விரைந்து மருத்துவச்சாலைக்குக் கொண்டுபோதல் ஆகியவற்றைத் தமிழிற் பயிற்றுவித்தல் வேண்டும். அன்பு, தூய்மை, செய்வன்மை, அறிவு என்னும் நான்கும் உடையாரை அவ்வூராரே அறிவர், தேர்வு அவருடையதாகுக. நான்காவது, மருத்துவச்சாலைக்குச் செல்ல வேண்டியவரின் வழிச்செலவுக்கு ஒரு சிறு நிதி ஒதுக்குதல் வேண்டும். ஏழை பலர் மருத்துவச்சாலைக்குச் செல்லாமை மருந்துக்குப் பொருளின்மையால் அன்று. ஒருநாட் கூலியும் வண்டிச்செலவும் இன்மையாலேயே.

நம் சமூகத்துப் பிள்ளைகளுள் மருத்துவமும் தாதிமையும் பயில்வோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவரைப் பெற்றோர்க்கும் ஒரு சொல். மகன் பட்டம் பெற்று நகரத்தில் மனை வாங்குதல் தவறன்று. ஆயினும் திங்களில் ஒருநாள் அவன் படகேறட்டும். உப்பங்காற்றும் சேற்றுமணமும் அவனுக்குக் கற்பிப்பனவற்றைக் கல்லூரி கற்பியாது.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இப்பொருள் ஆராயப்படும்பொழுது, படகு எவ்வளவு பெரிது, வாடகை எவ்வளவு என்று வினவுதற்கு முன், நாம் திரும்பியபின் அவ்வூரில் நோயாளியின் பக்கத்தே நிற்பவர் யார் என்று அன்பர்கள் வினவுவார்களாக. அதற்கு விடை கிடைத்த அன்றே ஓடத்தின் கயிற்றை அவிழ்க்கலாம்.